இருவர் செல்ல வேண்டிய வேலை

உட்காரச் சொல்கிறீர்கள். வேண்டாம், நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் என் முழங்கால் தானாக ஆடத் தொடங்கிவிடும், மேசையும் சேர்ந்து ஆடும், எழுதுகிறவருக்குத் தொந்தரவு. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடி இருந்தால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும். அலுவலகத்திலும் அப்படித்தான். என் நாற்காலியில் பெரும்பாலும் என் பைதான் உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் கேட்க வந்தது ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றி. வேலைக் கோரிக்கைப் படிவத்தில் ‘இருவர் செல்ல வேண்டும்’ என்ற கட்டத்தில் டிக் ஏன் இல்லை என்று. அது மென்பொருள் பிழை என்று எங்கள் மேலாளர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்ற நினைத்துச் சொன்னது. ஆனால் அந்த இணையதளத்தைத் திரைக்குத் திரை வடிவமைத்தவன் நான். மூன்று வருடம் அதையே தின்று அதையே குடித்திருக்கிறேன். பிழை என்று மட்டும் எழுதாதீர்கள்.

புகைப்படக்காரர் தேவைப்படுகிறவர்களும், வேலை தேவைப்படுகிற புகைப்படக்காரர்களும் சந்திக்கிற இடம் அது. இடம், நாள், என்ன மாதிரிப் படம் என்று போட்டால் பட்டியல் வரும். படங்களைப் பார்த்துப் பிடித்தவரை அமர்த்திக்கொள்ளலாம். யோசனை என்னுடையதில்லை, மாப்பிள்ளையுடையது. என் தங்கையின் கணவரைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். “நல்லா எடுக்கறவன் எங்க இருக்கான்னே யாருக்கும் தெரியல மச்சான். நீங்கதான் கம்ப்யூட்டர்ல புலியாச்சே, ஏதாவது பண்ணுங்களேன்.”

பண்ணினேன். தளத்தில் முதல் பதிவே அவருடையதுதான்.

தங்கையை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். அப்பா போனபோது அவளுக்கு ஏழு வயது. கணக்கு சொல்லிக்கொடுத்தது, ஜடை பின்னிவிட்டது, கல்லூரிக்கு அலைந்தது எல்லாம் நான். அவள் மூளைக்கு எங்கேயோ போயிருக்க வேண்டியவள். கல்லூரியில் குழுப்படம் எடுக்க வந்த ஆளைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஒருநாள் அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கப் போனேன். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முந்நூறு பேரை நிற்கவைத்துப் படம். மாப்பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. கேமராவில் வைத்த கண்ணை எடுக்கமாட்டார். எல்லோரும் படத்துக்குள் அடங்கும்வரை அப்படியே பின்னால் நடப்பார். மற்ற புகைப்படக்காரர்கள் நடுவில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். இவர் பார்ப்பதில்லை, ஏனென்றால் பின்னால் பாப்பா நிற்பாள். அவர் பெல்ட்டில் இரண்டு விரலை மாட்டிக்கொண்டு, லாரிக்கு வழி சொல்கிற மாதிரி, “வாங்க, வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க, போதும்” என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன். நான் வளர்த்த பெண் வெயிலில் ஒருவனுடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் ஒரு அலமாரியை மூன்று தடவை இடம் மாற்றி வைத்தேன்.

அந்த வாரமே பட்டியலில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். அவர் தன் கணக்கிலிருந்து தேடினால் அவர்தான் முதலில் வருவார். வேறு யார் தேடினாலும் எந்தப் பக்கத்திலும் வரமாட்டார். அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் முதல் பாதியைச் சேர்த்தேன். இல்லாவிட்டால் எனக்கு அரை நாள் வேலை மிச்சம்.

வேலைகள் வருவது நின்றது. அவர் எத்தனை தடவை தன் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார் என்பது எனக்கு இங்கிருந்தே தெரியும். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. நான்காவது மாதம் நாற்பதைத் தாண்டியது. நானும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திறந்தால் நான் எழுந்து நடப்பேன், மூடினால் வந்து பார்ப்பேன். இரண்டு பேருக்குமே நிம்மதி இல்லை.

“மொதல் எடத்துல இருக்கேன் மச்சான், ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கறான். அப்ப என் படத்துலதான குறை? உள்ளதச் சொல்லுங்க,” என்றார். நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றேன். எல்லாப் படங்களையும் மாற்றினார். பிறகு நிறம் குறைவாக இருக்கிறது என்றேன். மறுபடியும் மாற்றினார். அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற மனிதரை நான் பார்த்ததில்லை.

வீடு ஓட வேண்டுமே, பாப்பா எங்கள் அலுவலகத்திலேயே சேர்ந்தாள். தளத்தைச் சோதித்துப் பார்த்துக் குறைகளைப் புகாராகப் பதியும் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பத்து வருடத்துக்குப் பிறகு மதியச் சாப்பாடு சேர்ந்து சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்றால் அவைதான்.

மூன்றாவது வாரம் ஒரு புகார் பதிந்தாள். ‘தேடலில் ஒரு புகைப்படக்காரர் காணவில்லை.’ கீழே கணவருடைய எண். என்னிடமும் வந்து சொன்னாள். “அண்ணா, அவரு பக்கம் அவருக்கு மட்டுந்தான் தெரியுது. ஏதோ பிழை. பாவம், அவருகிட்ட நான் சொல்லல. தன்னாலதான் வேலை வரலன்னு உருகிப் போயிருக்காரு.” பார்க்கிறேன் என்றேன். ‘எதிர்பார்த்தபடியே இயங்குகிறது’ என்று குறிப்பெழுதிப் புகாரை மூடினேன். அதில் பொய் இல்லை. மதிப்பெண் குறைந்தவர்களைத் தளம் கொஞ்ச நாள் மறைக்கும் என்று அவளிடம் விளக்கினேன். நம்பினாள். நான் சொல்லிக்கொடுத்த எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் போன மாதம் சாப்பிடும்போது சொன்னாள். “வேற ஊருல ஒரு ஸ்டுடியோல அவரைக் கூப்பிட்டிருக்காங்க. அடுத்த மாசம் கெளம்பறோம். நான் மறுபடி பெல்ட்டப் புடிக்கப் போறேண்ணா.” சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு நாளும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தக் கட்டட நிறுவனத்தின் கோரிக்கை வந்தது. பன்னிரண்டு மாடி, இன்னும் முடியவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும் தங்கள் பெயரைப் படம் எடுக்க வேண்டும். ‘விளிம்பில் தடுப்பு உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று நேர்மையாகப் பதில் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் ‘இருவர் செல்ல வேண்டும்’ கட்டம் தானாக டிக் ஆகும். பாப்பா அந்தப் பெல்ட்டைப் பிடிப்பதைப் பார்த்த பிறகு நான் சேர்த்த கட்டம் அது. எங்கள் தளத்தில் எனக்குப் பெருமையான விஷயங்களில் ஒன்று.

அந்த டிக்கை நான் எடுத்தேன். தடுப்பு பற்றிய பதிலை மறைத்தேன். கோரிக்கையை அவர் ஒருவருக்கு மட்டும் அனுப்பினேன். குறிப்பில் வாடிக்கையாளர் எழுதாத ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘தொட்டி முழுதும் ஒரே படத்தில் வர வேண்டும்.’

உடனே போன் செய்தார். “மச்சான், வந்துடுச்சு! மொதல் எடத்துல இருந்ததுக்கு இப்பதான் பலன்.” எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று மதியமே வேலை. பாப்பா லீவு கேட்டாள், கூடப் போகவேண்டும் என்று. நாளைக்குப் புதுப் பதிப்பு வெளியாகிறது, நீ இல்லாமல் முடியாது என்றேன். “மேல தடுப்பு இருக்காண்ணா?” என்றாள். படிவத்தைத் திறந்து காட்டினேன். எதுவும் தவறாக இல்லை. மூன்று மணிக்கு அவளை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு திரையாகச் சரிபார்க்கச் சொன்னேன். நான் நடந்துகொண்டிருந்தேன். மூன்று நாற்பதுக்கு அவள் போன் அடித்தது.

கட்டடத்தின் வரைபடம் கோரிக்கையோடு இணைந்திருந்தது. அவரிடம் என்ன லென்ஸ் இருக்கிறது என்பது அவர் பக்கத்திலேயே இருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டி முழுதும் அடங்க அவர் பதினொரு தப்படி பின்னால் போகவேண்டும். மாடியில் ஒன்பதுதான் இருந்தது.

ஆகவே பிழை எதுவும் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாப்பா அந்தப் பழைய புகாரை நேற்று மறுபடி திறந்திருக்கிறாள். பதினாறு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், அதை மட்டும் என் பெயருக்கு அனுப்பியிருக்கிறாள். இங்கே வருவதற்கு முன் சரிசெய்துவிட்டேன். இப்போது யார் தேடினாலும், எந்த ஊரிலிருந்து தேடினாலும், மாப்பிள்ளைதான் முதலில் வருகிறார். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். போகும்போது அவளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.