எதிர்ப்பே இல்லாத தலைவரின் சிறுநீரகம்

— கால் வீங்கினா செருப்பை மாத்தணும் மச்சான். ஆளை ஏன் படுக்க வைக்கறீங்க?

— செருப்புக் கடைக்காரர் சொன்னா கேட்பீங்க மாப்பிள்ளை. சிறுநீரக டாக்டர், அதுவும் பொண்டாட்டியோட அண்ணன் சொன்னா எங்க கேட்கப் போறீங்க? ரிப்போர்ட் வந்தாச்சு. உங்க உடம்பே உங்க சிறுநீரகத்தை அடிக்குது.

— என் உடம்பு என்னை எதிர்க்குதா? குடியிருப்போர் சங்கத்துல இருபது வருஷமா எதிர்ப்பே இல்லாத தலைவர் நான்.

— வெளிய வழி இல்லாம எதிர்ப்பு உள்ள கிளம்பிடுச்சு போல.

— அண்ணா, அவருக்குப் புரியற மாதிரி சொல்லு. மேடை, மாலை, மைக்குன்னு ஏதாவது வெச்சு.

— சரிம்மா. மாப்பிள்ளை, ரத்தத்துல காம்ப்ளிமென்ட்னு ஒரு காவல் படை இருக்கு. கிருமி வந்தா அடிக்கும். அடிக்க ஆரம்பிச்சா கண்ணு மண்ணு தெரியாது. ‘இது நம்ம வீட்டு ஆளு, விடு’ன்னு தடுக்க ஒரு புரதம் கூடவே சுத்தும்.

— நம்ம வாட்ச்மேன் சூப்பர்வைசர் மாதிரி.

— அவரேதான். அந்த சூப்பர்வைசர் கையை, உங்க உடம்பு தயாரிச்ச ஒரு ஆன்டிபாடியே பிடிச்சு வெச்சிருக்கு. தடுக்க ஆளில்ல. காவல் படை சிறுநீரகத்துல பூந்து விளையாடுது.

— போன ஆண்டு விழாவுல சூப்பர்வைசரை உங்களுக்குக் குடை பிடிக்க நிறுத்தினீங்களே. அந்த நேரம் பார்த்து வாட்ச்மேனுங்க மூணாவது மாடி வாத்தியாரைத் திருடன்னு கட்டிப் போட்டாங்க. அதே கதைதாங்க.

— அதை ஏன் இப்ப இழுக்கறே? சரி மச்சான், வைத்தியம் என்ன?

— பிளாஸ்மாவை மாத்தி அந்த ஆன்டிபாடியை வெளிய எடுக்கணும். புதுசா உருவாகாம இருக்க மாத்திரை. இன்னிக்கே சேர்ந்தா சிறுநீரகம் பிழைக்க நல்ல வாய்ப்பு. தள்ளிப் போட்டா டயாலிசிஸ்ல போய் நிக்கும்.

— ஞாயித்துக்கிழமை சங்கத் தேர்தல். முதல் தடவையா யாரோ என்னை எதிர்த்து நிக்கறாங்களாம். செக்ரட்டரி பேரைச் சொல்ல மாட்டேங்கறான். இப்பப் படுத்தா, பயந்து ஓடிட்டான்னு பேசுவாங்க.

— சிறுநீரகம் போனாலும் நாற்காலி போகக் கூடாது.

— நாற்காலிக்காக இல்ல மச்சான். நான் இல்லேன்னா அங்க தண்ணி மோட்டார் போடக்கூட நாதி கிடையாது.

— தினமும் போடறது நான். போட்டேன்னு மைக்ல சொல்றதுதான் நீங்க.

— நீ சும்மா இரு. அந்த எதிரி யாருன்னு தெரியட்டும், அடுத்த நிமிஷம் வந்து படுக்கறேன். இது தலைவர் வாக்கு.

— அண்ணா, கேட்டுக்கிட்டியா? நர்ஸைக் கூப்பிடு. ஏங்க, கையை நீட்டுங்க. எதிர்த்து நிக்கறது நான்தான்.