டொக்டர் மாப்பிள்ளைக்கு வீடு

சுனாமிக்கு அடுத்த வருடம். அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸை சோதனைச் சாவடியில் மறித்து வைத்திருந்தார்கள். எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் ஒருத்தியின் மகள், வெள்ளைச் சீருடையில்.

"டொக்டர் மாப்பிள்ளைக்கு சீதன ஊடு கட்டுறம் ராத்தா. அதான் காசில்லாம இவள ரியூசனால நிப்பாட்டிட்டம்" என்றாள் தாய்.

கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"என்னகா செல்றாய்? ஏ.எல். வகுப்பில முதலாவதா வாற புள்ளைய?"

"ஓம். இருந்த ஊடு கடலோட போயிற்று. ஊடில்லாம டொக்டர் மாப்பிள்ள வருவானா?"

"மாப்பிள்ள எந்த ஆஸ்பத்திரியில?"

"இன்னும் மெடிக்கல் கெம்பஸே கிடைக்கல்ல. எங்கட மதினிட மகன்தான். ரெண்டு தரம் ஏ.எல். சோதினை எழுதிட்டான். இந்த முறை கிடைச்சிரும், இன்ஷா அல்லாஹ்."

"எப்படி அவ்வளவு உறுதியாச் செல்றாய்?"

"பின்ன? பின்னேரத்தில நம்மட தகரக் கொட்டிலுக்குத்தான் படிக்க வாறான். இவள்தான் திரைக்கு உள்ளால இருந்து கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்காள்."

பஸ் புறப்பட்டது. மகள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"இந்த முறையும் கிடைக்காது உம்மா. ரியூசன நிப்பாட்டின நாள்ல இருந்து நான் எல்லாத்தையும் பிழையாத்தான் சொல்லிக் குடுக்கிறன்."