பழைய முறை வகுப்பு

1946 ஜூன், பள்ளிகள் திறக்கும் வாரம். சென்னை லஸ்ஸில் கிளம்பிய ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் ஓர் ஆசிரியையும் அவர் கணவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"உன் ஆராய்ச்சிக்கு நம்ம ரோஸி ஃபெயிலாகணுமா?" என்றார் கணவர். "புது முறையில நீ நடத்தின வகுப்புல எல்லாரும் பாஸ். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையபடியே விட்ட வகுப்புல அவளைப் போட்டியே!"

"சொந்தப் பொண்ணை என் வகுப்புல வெச்சுக்கிட்டா முடிவை யாருங்க நம்புவாங்க?"

"இப்ப நல்லா நம்புவாங்க. இந்த வருஷமாவது மாத்திடு."

"இன்னொரு வருஷம் ஒப்பிடணும்னு புரொபசர் சொல்லிட்டார். இப்ப மாத்தினா போன வருஷ வேலையும் வீண்."

"மறுபடியும் பழைய முறை வகுப்புதான்னு அவளுக்குத் தெரியுமா?"

ஆசிரியை தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"'இந்த வருஷம் உன் வகுப்பாம்மா?'ன்னு காலையில கேட்டா. ஆமான்னுட்டேன்."