கோடு ஏறின இடம்

– ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன். மண்ணச்சநல்லூர் போயி அப்பாவைப் பாத்துட்டு ஓடி வந்துடுறேன். ஸ்ரீரங்கத்துலேருந்து டோல்கேட் போயி பஸ் மாறினா எவ்வளவு நேரம் ஆகப்போவுது?

– போகலாம் மலரு, யாரு வேண்டாம்னா? இந்த ஒரு வீடியோவை எடுத்துட்டு நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன், புரியுதா? கலை, லைட்டை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் திருப்பு.

– அண்ணே, அண்ணிதான் இவ்வளவு கேக்குறாங்கல்ல. இப்பவே கூட்டிட்டுப் போயிடேன்.

– நீ லைட்டைப் பிடிக்க வந்தவ. அதை மட்டும் பிடி.

– சரி, என் போனையாவது குடுங்க. எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன். அப்பாவுக்குக் கஞ்சி கூட இறங்கலன்னு நேத்துச் சொன்னுச்சு. எனக்கு மனசே சரியில்ல.

– போனு என்கிட்டதான் இருக்கு. அதுலதான் சேனல் விவரமெல்லாம் பாத்துக்கிட்டிருக்கேன். முதல்ல இங்க வந்து இதைப் பாரு.

– எனக்கு அதெல்லாம் என்னங்க புரியும்.

– புரியும், வா. இது ஃப்ரீ டூல்தான், பைசா கிடையாது. நம்ம சேனல் பேரைப் போட்டா எத்தனை பேரு பாத்தாங்க, எந்த இடத்துல பாதியில மூடிட்டுப் போனாங்கன்னு கோடு போட்டுக் காட்டும். அப்புறம் நம்ம செல்வாக்குக்கு நூத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடும். தெப்பக்குளம் ஜவுளிக்கடைக்காரரு விளம்பரம் குடுக்குறதுக்கு முன்னாடி கேக்குறது இந்த மார்க்கைத்தான், புரியுதா? இந்தா, இந்த இடத்துல மட்டும் கோடு மலைக்கோட்டையாட்டம் ஏறி நிக்குது பாரு. அது எந்த வீடியோ, சொல்லு.

– தெரியலைங்க.

– வத்தக்குழம்பு. நீ தாளிச்சுக்கிட்டிருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு போன் வந்துச்சே. கரண்டியை அப்படியே போட்டுட்டு அழுதியே. அந்த இடம்தான்.

– அதைப் போடாதீங்கன்னு கும்பிட்டுக் கேட்டேன். நீங்க கேக்கல.

– போட்டதாலதான் நம்மள நாலு பேருக்குத் தெரியுது. அதுக்கப்புறம் எத்தனை வாட்டி கண்ணுல கிளிசரின் விட்டு எடுத்துப் பாத்தாச்சு. கோடு அசையவே இல்ல. நேத்து மார்க் இன்னும் இறங்கிப் போச்சு. ரைஸ் மில்லு வேலையை விட்டுட்டு இதையே நம்பி உக்காந்திருக்கேன் மலரு. திரும்பிப் போயி நின்னா மொதலாளி சேத்துக்குவாரா? ஜனங்களுக்கு எது நடிப்பு, எது நிஜம்னு தெரிஞ்சிடுது. நான் என்ன பண்ணட்டும்?

– வேலையை விடாதீங்கன்னு அப்பவே சொன்னேன். இப்ப கண்ணு லேசாக் கலங்கினாலே போனைத் தூக்கிட்டு வந்துடுறீங்க. பாத்ரூமுக்குள்ள போயிக் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் அழவேண்டியிருக்கு. இந்த வீட்டுல எனக்கு அழுவ ஒரு இடம் கிடையாதுங்க.

– இந்த ஒரு தடவைதான். இது மட்டும் நல்லா வந்துடுச்சுன்னா அப்புறம் உன்னைக் கேக்கவே மாட்டேன், சத்தியமா.

– அழுகை வரணும்ல. சரி, காலையில பக்கத்து வீட்டு வீராயி அக்கா வந்து கதவைத் தட்டுனாங்களே, என்னவாம்?

– உறைமோர் கேட்டாங்க. இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

– அவங்க வீட்டுலயே மாடு நிக்குது. அவங்களுக்கு எதுக்கு நம்ம உறைமோரு? ஏங்க, வாசக்கதவை வேற எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?

– தெருச்சத்தம் உள்ள வருதுல்ல, அதான். நீ அடுப்புக்கிட்ட போயி நில்லு. கலை, அண்ணிக்குப் பூ வச்சு விடு.

– பூ வேண்டாம்ண்ணே.

– சொன்னதைச் செய். இப்ப தலையில இருக்கட்டும். அப்புறம் எடுத்துக்கலாம்.

– ஏன் கலை, நேத்து சாயங்காலம் எனக்குன்னு நீதானே உக்காந்து கட்டுன. குடு, நானே வச்சுக்குறேன்.

– வேண்டாம் அண்ணி. இன்னைக்கு வைக்காதீங்க.

– இங்க பாரு. என்னை நிமிந்து பாரு. காலையிலேருந்து நீ ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கல. இப்ப பூவை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு நிக்குற. சுமங்கலிக்குப் பூ வைக்காதேன்னு எப்ப சொல்லுவாங்க? கலை, நீ ஏன் அழுவுற?

– அண்ணே, நீயே சொல்லிடு. என்னால முடியல.

– இரு, இரு. யாரும் நகராதீங்க. ம், ஓடுது.

– ஏங்க, வீராயி அக்கா உறைமோருக்கு வரல. என் போனு கிடைக்காம எங்கண்ணன் அவங்களுக்குக் கூப்பிட்டிருக்கு, அப்படித்தானே? சொல்லுங்க. எங்கப்பா எப்பங்க போனாரு?

– கேமராவைப் பாத்துக் கேளு மலரு.