கேக்காத பணத்துக்கு ஒரு சண்டை

...முழுசாப் பேச விட்டாங்களாம்மா என்னை? அதான் என் ஆத்திரம். வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன். அத்தனையும் வீணாப் போச்சு.

நீ உக்காரு, எங்க எந்திரிக்கிற? நான் தையக்காரி, நாள் பூரா மெஷினோட மல்லுக்கட்டுறவ. இன்னிக்கித்தான் கேக்க ஒரு ஆளு கெடச்சிருக்கு.

எங்க வீட்டுக்காரரு எலக்ட்ரீசியன். மத்தியானம் அவரைக் குளவி கொட்டிடுச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டமே. பத்து நிமிஷத்துல உதடு வீங்கி, கண்ணு மூடி, மூச்சு கீ கீன்னு இழுக்குது. எனக்கு உசுரே இல்ல. பக்கத்து வீட்டுக்காரரு கார்ல போட்டு இந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தோம். பர்ஸக்கூட எடுக்கல. செருப்பு... இங்க பாரு, ஒண்ணு என்னுது, ஒண்ணு அவரோடது.

உள்ள வந்ததும் ஒரு வீல்சேர்ல உக்கார வெச்சாங்க. அந்தா, கவுன்டர்ல இருக்காரே கண்ணாடி போட்டவரு, அவருதான் பேஷன்ட் பேரு என்ன, வயசு என்னன்னு கேட்டாரு. இப்படித்தான் ஆரம்பிப்பாங்க, அடுத்து பணத்துல வந்து நிப்பாங்கன்னு எங்க நாத்தனார் சொல்லியிருக்கா. விடுவேனா நானு? காசு இல்லன்னா வாசல்லயே கெடந்து சாகணுமா, உசுருக்குப் போராடுற ஆளை மொதல்ல பாக்கணும், அது எங்க உரிமைன்னு பிடிச்சுக்கிட்டேன். அந்த மனுஷன் மெதுவா, "அம்மா, பணத்தப் பத்தி யாருமே கேக்கலையே"ங்கறாரு. கேப்பீங்க, அதான் முன்கூட்டியே சொல்றேன்னேன். அவரு செவுத்தக் காட்டுறாரு. நான் எதைச் சொல்லணும்னு வந்தேனோ, அதையே போர்டுல எழுதி மாட்டி வெச்சிருக்காங்கம்மா. பணம் இல்லன்னாலும் அவசர சிகிச்சை உண்டுன்னு.

எழுதுனா ஆச்சா, இவரு படுற பாட்டைப் பாருங்கன்னு திரும்பிக் கையக் காட்டுறேன்... வீல்சேரும் இல்ல, ஆளும் இல்ல.

நான் வாயத் தொறந்தப்பவே ஒரு நர்ஸ் பொண்ணு உள்ள தள்ளிட்டுப் போயி ஊசியும் போட்டாச்சாம். யாரைக் கேட்டுக் கொண்டு போனீங்கன்னு அதுக்கும் ஒரு சத்தம் போட்டேன். அப்புறம் அப்படியே உக்காந்து அழுதுட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தொண்டையே அடைச்சிருக்குமாம். டாக்டரம்மாதான் தோளத் தட்டி, பொழைச்சுக்குவாருன்னாங்க.

எப்படி இத்தனை கொட்டிச்சுன்னும் கேட்டாங்க. அவருக்குத்தான் நாக்கு தடிச்சுப் பேச்சு வரலையே. நானே சொன்னேன், ஏணி மேல வேலை பாத்துட்டிருந்தாரு, தானா வந்து கொட்டிடுச்சுன்னு. ஏணி நெசந்தான். தானாங்கறது... மேல இருக்குற குளவிக் கூட்டைத் தொடாதே, அதுக்குன்னு ஆள் வருவாங்கன்னுதான் சொன்னாரு. ஒரு கூட்டுக்கு எதுக்கு ஆளுன்னு, நான்தான் தொடப்பக்கட்டையால கீழேருந்து ஒரு இடி இடிச்சேன். அவரு ஏணி மேல இருக்காருன்னு தெரியும்மா. எறங்கிடுவாருன்னு நெனச்சேன்.

இரு, நர்ஸ் பொண்ணு கூப்பிடுது... பேச்சு வந்துடுச்சாம். டாக்டரம்மாகிட்ட விடாம என்னமோ சொல்லிட்டிருக்காராம்.

நீயும் கூட வாயேன்மா. வேத்தாளு இருந்தா அவரு சத்தம் போடமாட்டாரு.