கேஷானிக்குத் தொண்டை கட்டிய மாதம்

இந்த மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் தொண்டை கட்டாத ஆள் கிடையாது, ஐயா. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டேதான் நிறுவைக்கு வருவார்கள். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீர் குடித்தால் போய்விடும். என் மகள் கேஷானிக்கும் அப்படித்தான் தொடங்கியது. மாதா கோயிலில் வாசகம் வாசித்துவிட்டு நனைந்துகொண்டு வந்தாள். மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது.

கடைசி நாளன்று அவளுக்குப் பேச்சு இருந்ததா இல்லையா என்று கேட்கிறீர்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற சதீஸ்குமார் ஒன்று சொல்கிறான், நான் வேறொன்று சொல்லியிருக்கிறேன். மரண விசாரணை என்றால் இரண்டும் பொருந்தித்தான் ஆக வேண்டும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் புருஷன் யாகோப்பு இறந்து பல வருஷமாகிறது. மூத்தவன் ஜொனி கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போனான். அங்கேயே கல்யாணம் கட்டினான். அப்பாவை அடக்கம் செய்ய வந்தவன், பிறகு லயத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவனை நான் குறை சொல்லவில்லை. கேஷானி இருந்தாள். மலையிலிருந்து நான் வரும்போது விளக்கு எரியும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். "அம்மா, காலக் கழுவிட்டு வா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவளுக்கு நல்ல குரல். மூன்று பாஷையும் பேசுவாள். கொழும்பில் ஒரு கம்பெனி, போனில் பேசுகிற வேலைக்கு ஆள் கேட்டது. இவள் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். போனிலேயே நேர்முகப் பரீட்சை, அதில் சரிவந்தால் வேலை நிச்சயம் என்றார்கள். அன்று இரவு நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் காலை.

"போகாத கேஷானி. இந்தக் காம்பராவுல நான் யார்கூடப் பேசுவேன்?"

"நீயும் வாம்மா. ஒரு ரூம் எடுத்துக்கலாம்."

எப்படிப் போவது, ஐயா? அங்கே நான் யார்? அது சும்மா சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் தொண்டை கட்டியது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நல்ல பிள்ளை, பொறுமையாக விளக்கினார். "குரல் நாண் வீங்கியிருக்கு. கொஞ்ச நாளைக்கு வாயத் தொறக்கவே வேணாம், குசுகுசுன்னும் பேச வேணாம். பொகை பக்கம் மட்டும் விடாதீங்க அம்மா, வீக்கம் கூடிரும்." நான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நேர்முகப் பரீட்சை நாளில் கம்பெனியிலிருந்து ரிஸ்கா என்றொரு பெண் போன் எடுத்தாள். மகளால் பேச முடியாது என்று நானே சொன்னேன். "பரவாயில்ல உம்மா, சுகமாகட்டும். நாங்க திகதிய மாத்தித் தாறோம்" என்றாள். அவ்வளவு நல்ல மனசு இல்லாவிட்டால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். சில சமயம் அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

குரல் இல்லாத அந்த நாட்கள் எங்களுக்கு நல்ல நாட்கள். கொழும்புப் பேச்சு இல்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுவாள். கைக்குழந்தை மாதிரி சோறு ஊட்டினேன். பிறகு ஒருநாள் காலையில், "அம்மா, பசிக்குது" என்றாள். கரகரவென்றுதான் வந்தது, ஆனால் குரல் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். ரிஸ்கா மாற்றித் தந்த திகதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல்விட்டு எண்ணினேன்.

அன்று மாலையே காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவளைச் சுற்றிப்போட்டு அடுப்பில் இட்டேன். கண்ணூறு கழிப்பது ஊரில் இல்லாத வழக்கமா? ஜன்னலை மட்டும் சாத்திவைத்தேன். பழைய சீலையைச் சுருட்டிக் கதவின் அடியில் வைத்தேன். அவள் இருமி இருமிச் சுருண்டுபோனாள். "இவ்வளவு நெடி அடிக்குதே, கண்ணூறு கழிஞ்சிருச்சும்மா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். விடியும்போது குரல் போயிருந்தது.

பிறகு தினமும் போட்டேன். கடைசிக் காம்பரா அங்கம்மா, "பிள்ளையத் தாங்குறதுன்னா மரியகொரட்டி மாதிரித் தாங்கணும்" என்று என் பேரைச் சொல்லி எல்லாரிடமும் பேசினாள். கேஷானி ஒருநாள் போனில் எழுதிக் காட்டினாள்: 'புகை வேணாம்மா, வலிக்குது.' நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது திகதியும் தள்ளிப்போனது. ரிஸ்கா மூன்றாவதாக ஒரு திகதி தந்தாள். இதுதான் கடைசி, திங்கட்கிழமை என்றாள்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. மலையில் வெடிப்பு கண்டிருக்கிறது, எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போங்கள் என்று கிராம சேவகர் வந்து சொன்னார். நிறையப் பேர் போனார்கள். கேஷானியும் உடுப்புகளைப் பையில் அடுக்கிவிட்டாள். நான்தான் நாளைக்குப் போகலாம் என்றேன். மண்டபத்தில் அடுப்பு கிடையாது, ஐயா. நாலு பக்கமும் காற்று. இரண்டு நாள் அங்கே இருந்தால் தொண்டை ஆறிவிடும்.

வெள்ளிக்கிழமை பகலில் செத்தல் மிளகாய் முடிந்துபோனது. அவளைப் படுக்கவைத்துவிட்டுச் சந்திக் கடைக்கு இறங்கினேன். மிளகாயை வாங்கித் திரும்பும்போது ரயில் போகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் லயத்தின் மேல் மலை வந்து உட்கார்ந்திருந்தது.

சதீஸ்குமாரும் இன்னும் சில பையன்களும் கையாலேயே தோண்டினார்கள். பிறகு ஆமிக்காரர்கள் வந்தார்கள், மண் தோண்டுகிற பெக்கோ வந்தது. மேலே இன்னும் மண் நின்றது. அதிக நேரம் இல்லை, உயிர் இருக்கிற இடத்தை மட்டும்தான் தோண்ட முடியும் என்று அவர்களுடைய அதிகாரி சிங்களத்தில் சொன்னார். பெக்கோவை நிறுத்திவிட்டு எல்லாரையும் வாய் மூடச் சொன்னார். சதீஸ்குமார் மண்ணில் படுத்துக்கொண்டு கூப்பிட்டான். "உள்ளுக்கு யாராச்சும் இருந்தா சத்தம் போடுங்க!"

கடைசிக் காம்பராவிலிருந்து அங்கம்மாவின் அழுகை கேட்டது. எங்கள் காம்பராவிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"கேஷானிக்குத் தொண்ட கட்டியிருக்கு சேர், அதால கத்த ஏலாது" என்றான் சதீஸ்குமார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "எவ்வளவு நாள்?"

"ஒரு மாசத்துக்கு மேல" என்றான் அவனே.

"ஒரு மாசம்? ஏன் அப்படி?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் கையில் மிளகாய்ப் பை இருந்தது. வாய் தானாகப் பேசியது.

"இல்லைங்க. சரியாப் போச்சு. காலையில நல்லாப் பேசினா. உசிரோட இருந்தா கத்துவா."

அதிகாரி இன்னும் ஒரு தடவை கூப்பிடச் சொன்னார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி என் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, பெக்கோவைக் கடைசிக் காம்பராவுக்கு அனுப்பினார். அங்கம்மாவை உயிரோடு எடுத்தார்கள். கால் மட்டும்தான் போனது. என் மகளை மறுநாள்தான் எடுத்தார்கள். உடம்பில் பெரிய காயம் இல்லை என்றும், நெடுநேரம் மூச்சு இருந்திருக்கும் என்றும் உங்கள் டாக்டர் சொன்னார். அவள் விரல் முட்டிகளில் தோல் இருக்கவில்லை. அதை நான்தான் குளிப்பாட்டும்போது பார்த்தேன்.

ஆகவே சதீஸ்குமார் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குக் குரல் இல்லை. இல்லாமல் செய்தவள் நான். இருக்கிறது என்று பொய் சொன்னவளும் நான். என்ன தண்டனையென்றாலும் கொடுங்கள். வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் என் நெஞ்சை அறுக்கிறது, ஐயா. எல்லாரும் அந்தப் பக்கம் போன பிறகு நான் மண்ணோடு வாயை வைத்து அவளைக் கூப்பிட்டேன். ஊரார் கூப்பிட்டதற்குப் பேசாமல் இருந்தது சரி. பெற்றவள் அவ்வளவு கெஞ்சியும் ஒரு வார்த்தை பதில் சொல்லாத பிள்ளை, கொழும்புக்குப் போயிருந்தால் மட்டும் என்னை நினைத்திருக்கவா போகிறது?