ரோமப் பேரரசரிடம் ஒரு மனு

அரியணையில் அமர்ந்தவரைப்போல் நிமிர்ந்து வீற்றிருந்து அவைக்குத் தலைமை தாங்கும் நம் குடியிருப்புச் சங்கத் தலைவர் பார்த்தசாரதி ஐயா அவர்களே! ‘உலகை ஆண்டவர்கள்’ என்ற உரைவரிசையை மாதம் தவறாமல் நடத்திவரும் செயலாளர் ஹேமநாதன் சார் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு பிளாக்கிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பந்தலின் ஓரத்தில் நிற்கும் எங்கள் ஏரிக்கரைத் தெருத் தாய்மார்களே, அவர்களுக்கு நடுவே என்னைப் பெற்ற நாகம்மாவே! உங்கள் அனைவருக்கும் அகல்யாவின் பணிவான வணக்கம்.

மைக்கை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் நல்லது. நன்றி, மதுரைவீரன் அண்ணே. நம் வாட்ச்மேன் அண்ணன் கை வைத்தால் எதுவும் சரியாகிவிடும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ரோமப் பேரரசர்களின் பொறுப்பும் அதிகாரமும். யார் அந்தப் பேரரசர்? பனி படரும் பிரித்தானியாவிலிருந்து பாலை கொதிக்கும் எகிப்துவரை படைகளெல்லாம் யார் சொல் கேட்டன? பேரரசர் சொல் கேட்டன! கோவில் சடங்குகளுக்குத் தலைமை யார்? பேரரசர்! ஆளுநரை அனுப்புபவர் யார், அழைத்துக்கொள்பவர் யார்? பேரரசர்! இத்தனையும் கைக்குள் இருந்தும், அவர்களில் முதல்வரான அகஸ்டஸ் தம்மை அரசன் என்று அழைக்க விடவில்லை. முதல் குடிமகன் என்ற பெயரே போதும் என்றார்.

அவர் வாங்கி வைத்துக்கொண்ட அதிகாரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ரோமில் ‘ட்ரிப்யூன்’ என்று ஒரு பதவி இருந்தது. எளிய மக்களுக்குக் காவல் நிற்கும் பதவி. ஓர் அதிகாரி ஏழை ஒருவனின் தோளைப் பிடித்து இழுக்கும்போது ட்ரிப்யூன் வந்து ‘நிறுத்து’ என்றால், அந்தக் கை நிற்க வேண்டும். அவர்மேல் ஒருவரும் கைவைக்கக் கூடாது. பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது என்ன தெரியுமா? அவர் வீட்டுக் கதவைப் பகலிலும் சாத்தக் கூடாது, இரவிலும் சாத்தக் கூடாது! அந்தப் பதவியை அகஸ்டஸ் ஏற்கவில்லை, அதன் அதிகாரத்தை மட்டும் கேட்டுப் பெற்றார். பின்னால் வந்தவர்களும் தங்கள் ஆட்சி ஆண்டுகளை அந்த அதிகாரம் கிடைத்த நாளிலிருந்தே எண்ணினார்கள். வாளைக் கொண்டு எண்ணவில்லை, வென்ற நாடுகளைக் கொண்டு எண்ணவில்லை, எளியவரைக் காக்கும் உரிமையைக் கொண்டு எண்ணினார்கள்!

‘நீரோ’ என்று யாரோ குரல் கொடுக்கிறீர்கள். கேட்டது. கொடியவர்களும் அந்த ஆசனத்தில் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஹேட்ரியனும் அதே ஆசனத்தில்தான் இருந்தார்.

ஹேட்ரியன் ஒருநாள் பயணம் போகிறார். வழியில் ஒரு பெண் குறுக்கே வந்து தன் குறையைக் கேட்கச் சொல்கிறாள். “நேரமில்லை” என்கிறார் பேரரசர். “அப்படியென்றால் ஆட்சி செய்யாதீர்கள்” என்கிறாள் அவள். எங்கள் தெரு சரசா அக்காவாக இருந்திருந்தால் எப்படிக் கேட்டிருப்பார்? “டைம் இல்லன்னா இன்னாத்துக்கு நைனா ராஜாவா கீற?”

“ஆமா, கேப்பேன்! எனக்கு இன்னா பயம்?” என்கிறார் பாருங்கள்!

பேரரசர் என்ன செய்தார்? திரும்பினார். நின்றார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். உலகையே நிற்க வைத்த ஒருவர், ஒரு பெண்ணின் சொல்லுக்குத் தாம் நின்றார். அதிகாரம் அழகாகத் தெரிவது அந்த இடத்தில் அல்லவா?

இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் வேண்டுமானாலும் பேரரசரிடம் மனு கொடுக்கலாம். பதிலை அதே மனுவின் அடியிலேயே எழுதுவார்கள். இரண்டு வரி, மூன்று வரி, அவ்வளவுதான். அதன்கீழ் பேரரசர் தம் கையால் ஒரு சொல் எழுதி ஒப்பமிடுவார். பிறகு எல்லாரும் பார்க்கும்படி பொது இடத்தில் ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒரு பதிலைத்தான் இன்று நானும் கேட்க வந்திருக்கிறேன்.

“தலைப்புக்கு வாம்மா” என்கிறார் செயலாளர். தலைப்பில்தான் நிற்கிறேன் சார்.

சித்திரையில் இரண்டு பைக் திருட்டுப் போனது. அதனால் நம் பின்கேட் பூட்டப்பட்டது. அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் இங்கே வேலைக்கு வரும் எங்கள் தெருப் பெண்களுக்கு அந்த வழி மூன்று நிமிடம். இப்போது மெயின் ரோட்டைச் சுற்றி இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் பறக்கும் ரோடு. ஓரத்தில் நடக்க ஒரு முழம் இடமில்லை. போன மாதம் அங்கேதான் முத்தம்மாள் பெரியம்மாவை ஒரு வண்டி இடித்தது. கால் எலும்பு முறிந்து இன்னும் படுத்திருக்கிறார். என் அம்மா அதே ஓரத்தில் தினமும் போய்த் திரும்புகிறார். வீடு வந்து சேரும்வரை எனக்குப் புத்தகத்தில் ஒரு வரி ஓடுவதில்லை. ஆடி மாதமே முப்பத்தொரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து மனு போட்டோம். பதில் இல்லை. ஐயா, உங்களுக்கு நேரமில்லையா?

“எந்த மனும்மா? என் கைக்கு ஒண்ணும் வரலையே!” என்கிறார் தலைவர்.

சங்கத்தின் ஆலோசனைப் பெட்டியில் போட்டோம், ஐயா.

மதுரைவீரன் அண்ணன் ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணே. “சார், அந்தப் பொட்டி பின்கேட்டுலதான் சார் தொங்கிகினு கீது! வெளிய இருந்து போடலாம், உள்ள இருந்துதான் தொறக்கணும். கேட்டப் பூட்டுனதுக்கப்பால அந்தாண்ட யாரு சார் போறா?”

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரிக்கிறேன். மூன்று மாதமாக உங்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன், ஐயா. இந்தத் தாளில் உங்களைத் திட்டி ஒரு பக்கமே எழுதி வைத்திருக்கிறேன். இதோ, மடித்துவிட்டேன்.

பெட்டி வருகிறது, வழிவிடுங்கள். செயலாளர் சாவியைத் தேடுகிறார். “எல்லா சாவியும் இருக்கு, இது மட்டும் இல்லையே!” பரவாயில்லை சார், துருப்பிடித்த பூட்டுதான். சரசா அக்கா அதற்குள் கல்லோடு வந்துவிட்டார்! “நவுரு சார், நா பாத்துக்கறேன்!” திறந்துவிட்டது. ஒரு பல்லி, இரண்டு கேபிள் விளம்பரம், எங்கள் மனு.

தலைவர் கண்ணாடியைப் போடுகிறார். படிக்கிறார். முதல் பக்கம் முடிந்தது. கைநாட்டு வைத்த பக்கத்தையும் புரட்டிப் பார்க்கிறார். அவையோரே, கொஞ்சம் அமைதி. பேனா கேட்கிறார்! மனுவின் அடியிலேயே எழுதுகிறார்! என்னிடம் நீட்டுகிறார். வாசிக்கட்டுமா ஐயா?

“படித்தேன். தாமதத்துக்கு வருந்துகிறேன். பின்கேட் காலை ஐந்து முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும், காவலுக்கு ஒருவர் நிற்பார். பார்த்தசாரதி.”

“என்னிக்கிலேருந்து சார்?” என்கிறார் சரசா அக்கா.

“இன்னைக்கே, இப்பவே. வீரா, போய்த் திறப்பா!”

பேச இன்னும் இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் தெருத் தாய்மார்கள் பின்கேட் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்காகக் காத்திராமல் என் அம்மாவும் போகிறார். ரோமாபுரியின் அத்தனை பேரரசர்களும் படையோடு வந்தாலும் இனி அவர்களை நிறுத்த முடியாது. எழுதிய கைக்கும், பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த மனுவைப் பின்கேட்டில் ஒட்ட வேண்டும், யாரிடமாவது பசை இருக்கிறதா? வணக்கம்.